கல்லில் கட்டாத அளவு

“கல்லுல கட்டாத அளவு இருக்குது பாருங்க, அது…” என்று ராக்கியண்ணன் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி யாருக்கும் சரியாக நினைவில்லை. நில அளவையர் நாச்சிமுத்து பணி ஓய்வு பெற்ற நாளில், தாலுகா ஆபீஸ் மாடியில் நடந்த விழாவில், அவருக்கும் முந்தின காலத்தில் சங்கிலி இழுத்து நிலம் அளந்தவரான எண்பத்து நான்கு வயது ராக்கியண்ணன் எழுந்து பேசியபோது மைக் கூவிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்காரர்கள் ‘அது நிக்காது’ என்று கேட்டதாகச் சொன்னார்கள், நடுவரிசைக்காரர்கள் ‘அது தூங்காது’ என்று கேட்டதாகச் சொன்னார்கள், பின்வரிசைக்காரர்கள் அதற்குள் சாப்பிட எழுந்துவிட்டிருந்தார்கள். மேடையிலேயே இருந்த நாச்சிமுத்துவுக்கு, போர்த்திய சால்வைகள் காதுவரை ஏறியிருந்ததால், எதுவுமே கேட்கவில்லை. சால்வைகளோடு, கூட வேலை பார்த்தவர்கள் வேடிக்கையாக, தலையில் கூட்டல் குறி வெட்டிய ஒரு அளவுக் கல்லையும் பரிசாகக் கொடுத்தார்கள். முழங்கால் உயரக் கருங்கல். அதை வடவள்ளியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசற்படிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

நிலம் அளக்கிறவர்கள் முதலில் தேடுவது அசையாத ஒரு கல்லை. அந்தக் கல்லிலிருந்து இந்தப் பக்கமாக இத்தனை அடி என்று எழுதிவிட்டால், வேலி பட்டுப்போனாலும் வரப்பு கரைந்தாலும் அளந்தவரே இல்லாமல் போனாலும், பிறகு வருகிற ஒருவர் டேப்பைப் பிடித்து அதே இடத்தில் போய் நிற்கலாம். இதைத்தான் கல்லில் கட்டுவது என்பார்கள். கோயம்புத்தூரின் கிழக்கையும் மேற்கையும் முப்பத்தாறு வருடம் அளந்த நாச்சிமுத்து, கல்லில் கட்டாமல் ஓர் அளவையும் விட்டதில்லை, ஓய்வுக்குப் பிறகு வந்த அந்த ஆடி மாதம் வரை.

அந்த ஆடிக்குச் சற்று முன்னால்தான் போத்தனூர் எட்வின், இருபது வருடம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்துவிட்டு, எட்டு மட்டைகளோடும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள் ஒரு பையோடும் ஊர் திரும்பியிருந்தார். அவர் கற்றுக்கொடுத்த ஆட்டம் டென்னிஸும் இல்லை, டேபிள் டென்னிஸும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் யாரோ தூக்கக் கலக்கத்தில் கண்டுபிடித்தது போல இருந்தது. பந்து மட்டையில் படும்போது கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. பிக்கிள்பால் என்றார் எட்வின். ஊறுகா ஆட்டம் என்றார்கள் எங்கள் பக்கத்துப் பெண்கள். ஐம்பதைத் தாண்டிய பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், ஆனால் ஆட இடம் கிடைக்கவில்லை. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் தூண் இடித்தது, மொட்டை மாடியில் பந்து பக்கத்து வீட்டு வடகத்தில் விழுந்தது, பள்ளிக்கூட மைதானத்தில் மணி அடித்ததும் வெளியே போகச் சொன்னார்கள், பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்கள் ஆட்டத்துக்கு நடுவில் புகுந்து நேராக நடந்துபோனார்கள்.

நாச்சிமுத்துவின் மனைவி ரங்கநாயகிதான், கூட்டத்தில் அதுவரை பேசாமல் இருந்தவர், ஆடியில் கல்யாண மண்டபம் எல்லாம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். கல்லூரியில் இரண்டு வருடம் பூப்பந்து ஆடியவர் அவர் என்பதும், கல்யாணம் நிச்சயமான வாரத்தில் மட்டையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தவர் என்பதும், முப்பத்து மூன்று வருடம் கழித்து அன்றைக்குத்தான் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது.

மருதமலை ரோட்டு மண்டபத்தின் மேனேஜர் பந்தி ஹாலைத் திறந்துவிட்டார். கழுவினால் போகிற வெள்ளையில்தான் கோடு போட வேண்டும், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கழுவித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கோடு போடும் வேலை இயல்பாகவே நாச்சிமுத்துவிடம் வந்தது. இருபதடி அகலம், நாற்பத்து நான்கு அடி நீளம் என்று எட்வின் சொல்லி முடிப்பதற்குள், ரெண்டு சென்ட்டும் ஒன்பது சதுரடியும் என்றார் அவர். மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டு அடி நாலு அங்குலம் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. ஓர் இடத்தில் ஈரச் சுண்ணாம்பில் அவருடைய கட்டைவிரல் அழுந்திப் பதிந்துவிட்டது, அதை அப்படியே விட்டார். எந்தக் கல்லிலும் கட்டவில்லை. பந்தி ஹாலுக்குள் கல்லுக்கு எங்கே போவது என்று நினைத்திருக்கலாம், அல்லது இது நிலம் இல்லை, ஆட்டம்தானே என்று நினைத்திருக்கலாம்.

வலைக்கு இரண்டு பக்கமும் ஏழடிக்கு ஒரு பட்டை உண்டு. அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. பந்து உள்ளே விழுந்து எழும்பினால்தான் உள்ளே நின்று அடிக்கலாம். அந்தப் பட்டைக்குக் கிச்சன் என்று பெயர், ஏன் என்று தனக்கும் தெரியாது என்றார் எட்வின்.

“ஆட வந்த எடத்துலயுமா அடுப்படி?” என்றார் ரங்கநாயகி.

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது, பெயர் ஒட்டியதும் பின்னாலேயே பழக்கமும் வந்தது. அடுப்படிக்குள் யார் செருப்போடு போவார்கள்? பந்து உள்ளே விழுந்ததும் கோட்டருகே ஷூவை உதறிவிட்டு ஓடினார்கள். உதறவும் மாட்டவும் நேரம் போதாமல், ஒரே வாரத்தில் எல்லாரும் முழு ஆட்டத்தையும் வெறுங்காலிலேயே ஆடத் தொடங்கினார்கள். உலகத்தில் எங்கேயும் இப்படி இல்லை என்று எட்வின் எடுத்துச் சொன்னார். அங்கெல்லாம் அடுப்படியில் செருப்புப் போடுகிறவர்கள் என்று அவருக்குப் பதில் வந்தது. மாசக் கடைசியில் எட்வினும் ஷூவைக் கழற்றினார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை வாளியும் தென்னந்துடைப்பமுமாகப் போனபோது தரையில் கோடுகள் இல்லை. மேனேஜர், முன்கூட்டியே வந்து கழுவிவிட்டார்கள் என்று எண்ணி நன்றி சொன்னார். யார் கழுவியது என்று பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அன்று மத்தியானமே சிங்காநல்லூர் உழவர் சந்தையில் கீரை விற்கிற ஒருத்தி, தன் கொட்டகைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த சிமென்டுத் தரையில் யாரோ கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், தரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கீரைக்கட்டை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து டேப்போடு போனார். மூலைக்கு மூலை நாற்பத்தெட்டு அடி நாலு அங்குலம். அடுப்படிக் கோடு பக்கக் கோட்டைத் தொடும் இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை.

“கல்லுல கட்டாம உட்டுட்டனுங்க” என்றார் அவர், கீரைக்காரியிடம்.

“அப்ப போகத்தானுங்க செய்யும்” என்றாள் அவள், கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு கட்டம் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்கவில்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டின் மாடியில் ஒரு நாள், போத்தனூரில் வண்டி நிற்காமல் போன பழைய சரக்கு மேடையில் ஒரு நாள், பீளமேட்டில் மூடிய மில் ஒன்றின் நூற்புக் கூடத்தில் ஒரு நாள், கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் புதன்கிழமை வந்து வியாழக்கிழமையே, யாரும் சொல்லாமல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இடம் விட்டு நகர்ந்தது என்று, அது இந்த நகரத்தில் எங்களுக்குத் தெரியாத இடங்களாகப் பார்த்துப் போய்ப் படுத்தது. போன இடமெல்லாம் நல்ல இடமாக இருந்தது என்பதை எட்வின்தான் முதலில் கவனித்தார். காற்று குறுக்கே அடிக்காது, காலை வெயில் யார் கண்ணிலும் விழாது, தரை சமமாக இருக்கும், பந்து ஒரே உயரத்துக்கு எழும்பும். ஆறு வாரம் ஸ்கூட்டரில் சுற்றி நாங்கள் கண்டுபிடிக்காததை அது தினமும் கண்டுபிடித்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம், மழைக்காலத்துக்குப் பழகிக்கொள்வது போலத்தான் இருந்தது. காலை ஆறு மணிக்குப் பேக்கரிகளில், டீ போடுகிறவர் பால் ஏற்றிவிட்டு, கட்டம் இன்றைக்கு எங்கே என்று கேட்டு வாங்கிச் சிலேட்டில் எழுதி வைத்தார். கட்டம் வந்து விழுந்த வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து வைப்பதும், வருகிறவர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வைப்பதும், கோலத்தைக் கோட்டின் மேல் போடாமல் தள்ளிப் போடுவதும் யாரும் சொல்லாமலே வழக்கமானது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர்கள், கட்டத்துக்குப் போகிறவர்கள் இறங்கலாம் என்று அந்தந்த நிறுத்தத்தில் குரல் கொடுத்தார்கள். மனை விற்கிற புரோக்கர்கள், தண்ணீர் வசதி, ரோட்டு வசதி என்பதோடு கட்டம் வந்த மனை என்றும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். டவுன்ஹால் பக்கம் ஜோசியம் பார்க்கிற ஒருவருக்குத்தான் கொஞ்சம் சிரமம்: கட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களிடம், ஜாதகக் கட்டமா மற்றதா என்று அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கே வந்தாலும் அடுப்படிக்குள் யாரும் செருப்போடு போகவில்லை. அதை உக்கடத்துக்காரர்களுக்கும் கோட்டைமேட்டுக்காரர்களுக்கும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அது அடுப்படி என்று சொன்னால் போதுமாயிருந்தது.

யாரும் நாச்சிமுத்துவைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். நியாயவிலைக் கடை வரிசையில், நம்ம சர்வேயர் சார் அவிழ்த்து விட்டதுதானே என்று, மாட்டைச் சொல்வது போலச் சொன்னார்கள். மண்டபத்தில் ஆடிய நாட்களில் கோட்டருகே குந்தி, பந்து உள்ளே வெளியே என்று அரை அங்குலம் தவறாமல் சொன்னவர், கட்டம் கிளம்பிய பிறகு ஒரு நாளும் ஆட்டம் பார்க்கப் போகவில்லை.

ரங்கநாயகி ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. வடவள்ளியிலிருந்து காந்திபுரம்வரைகூடத் தனியாகப் பஸ் மாறிப் போயிராதவர், சிலேட்டைப் பார்த்துவிட்டு, பெண்கள் டிக்கெட் வாங்கத் தேவையில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பஸ் நம்பர்களைப் பார்த்து மாறி மாறிப் போனார். பத்தரைக்குத் திரும்பி வரும்போது, ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். மீன் மார்க்கெட் மாடியில் குடியிருக்கும் வயர்மேனுக்கு இரட்டைப் பெண்கள் என்பார். சரக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது, அதில் இரும்புப் படி இறங்குகிறது என்பார். மில் கூடத்தில் இன்னும் பஞ்சு பறக்கிறது, வாட்ச்மேன் முன்பு அங்கேயே நூற்றவர், எந்த மெஷின் எங்கே இருந்தது என்று காட்டிக்கொண்டே வந்தார் என்பார். அவர் சொன்ன இடமெல்லாம் நாச்சிமுத்து அளந்த இடங்கள். அவர் சொன்ன ஆட்கள் ஒருவரையும் நாச்சிமுத்துவுக்குத் தெரியாது.

காலையில் வீட்டில் இட்லி ஊற்ற ஆளில்லாததால் நாச்சிமுத்து பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டார். கட்டத்தை எங்கேயாவது பிடித்துக் கட்டிவிட வேண்டும் என்று அவர் நினைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. தன் கைப்பிழையைத் தானே திருத்த வேண்டும் என்பதை எல்லாரிடமும் சொன்னார். இன்னொன்றைப் பேக்கரிக்காரரிடம் மட்டும் சொன்னார்.

“எழுந்து பாத்தா வீட்ல இல்லீங்க” என்றார். “எந்தத் திக்குல இருக்கறாங்கன்னு உங்க சிலேட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்குது.”

கார்த்திகை பிறந்ததும் எட்வின் வீட்டில் கூட்டம் போட்டார்கள். இப்போது ஆடுகிறவர்கள் இருநூறு பேருக்கு மேல். தேட ஒரு மணி நேரம், ஆட அரை மணி நேரம் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள்; முட்டி வலிக்காரர்கள் மாடி ஏற முடியவில்லை என்றார்கள்; கட்டம் தங்கள் பக்கம் நின்றால்தான் நியாயம் என்று பீளமேட்டுக்காரர்களும் சிங்காநல்லூர்க்காரர்களும் கொஞ்சம் குரலை உயர்த்திக்கொண்டார்கள். அளந்தவர் கட்டினால்தான் நிற்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாச்சிமுத்து எழுந்து, பக்கத்தில் பழைய அளவுக் கல் இருக்கிற, உரிமைக்காரர் சம்மதிக்கிற ஓர் இடத்தில் கட்டம் வந்து விழுகிற அன்றைக்குக் கட்டித் தருவதாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். ரங்கநாயகி கதவுப் பக்கமாக உட்கார்ந்து, மறுநாளைக்கு எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று போத்தனூர்க்காரி ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை, ஏனென்றால் அவர் எங்கே வந்தாலும் வந்து ஆடிவிடுகிறவர்.

கட்டம் வந்து விழுந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாச்சிமுத்துவின் வீட்டை ஒட்டிய காலி மனையில்.

மகன் எப்போதாவது வீடு கட்டுவான் என்று போட்டு வைத்திருந்த மூன்று சென்ட். கட்டம் போக ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். களை வெட்டிச் சுத்தமாக்கியிருந்த செம்மண்ணில் கோடுகள் நேற்றுப் போட்டது போல வெள்ளையாக இருந்தன. மனையின் நான்கு மூலையிலும் அவரே பார்த்து நட்ட கற்கள் அசையாமல் நின்றன. உரிமைக்காரரும் அவரே. இதற்கு மேல் எதைக் கேட்பது என்று எல்லாரும் சொன்னார்கள், எட்வின் மட்டும் தன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம் என்றார் ஒருவர். எலுமிச்சம்பழமும் சூடமும் வந்தன. பீளமேட்டுக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பேக்கரிக்காரர், கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, சிலேட்டோடு வந்து நின்றார். இனி அது தேவைப்படாது என்று யாரோ கேலி செய்தபோது அவரும் சிரித்துவிட்டு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று வலையைக் கட்டி ஆட்டத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். ரங்கநாயகியும் போத்தனூர்க்காரியும் ஒரு பக்கம், எட்வினும் இன்னொருவரும் எதிர்ப்பக்கம். நாச்சிமுத்து தென்மேற்குக் கல்லிலிருந்து டேப்பை இழுத்து, பதினெட்டடி மூன்றங்குலம் என்று தன் பழைய புத்தகத்தில் எழுதினார். தென்கிழக்குக் கல்லிலிருந்தும் இழுத்து எழுதினார். இரண்டும் கட்டைவிரல் ரேகை இருந்த இடத்தில், அடுப்படிக் கோடு பக்கக் கோட்டைத் தொடுகிற மூலையில், சரியாக வந்து சேர்ந்தன. அந்த மூலையை ஒட்டி, ஆடுகிறவர்களின் காலில் படாமல், கடப்பாரையால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டினார். வாசற்படியோரம் சாய்ந்திருந்த கல்லை இரண்டு பேர் தூக்கி வந்து குழிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். கூட்டல் குறி மேலே பார்த்துக் கிடந்தது.

எட்வின் மெதுவாகத் தட்டிய பந்து வலையைத் தாண்டி அந்த மூலையில் விழுந்தது. ரங்கநாயகி ஓடி வந்து, குனிந்து, எடுத்துத் திருப்பி அடித்தார். அது வலையில் பட்டு நின்றுவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் மூச்சு வாங்கிக்கொண்டு, குழியைப் பார்த்து நின்றார். குந்தியிருந்த நாச்சிமுத்துவின் கண்ணுக்கு நேரே அவருடைய பாதங்கள் இருந்தன.

நாலு மாதம் வெறுங்காலில் ஆடிய பாதங்கள். குதிகால் வெடிப்புகளில் மண் இருந்தது, தேய்த்துக் குளித்தாலும் போகாத மண். மண்ணைப் பார்த்து ஊர் சொல்கிறவர் நாச்சிமுத்து. சிங்காநல்லூர்க் கரிசல் ஒரு வெடிப்பில் இருந்தது. போத்தனூர் மேட்டின் சரளைத் தூள் இன்னொன்றில் இருந்தது. மீன் மார்க்கெட் மாடியில் அடித்த சுண்ணாம்பு, மில் கூடத்து எண்ணெய்க் கறுப்பு, கோட்டைமேட்டு முற்றத்தின் நைந்த செங்கல் சிவப்பு, எல்லாம் அதனதன் கோட்டில் அதனதன் நிறத்தில் இருந்தன. அவருக்கே அடையாளம் தெரியாத ஒரு மண்ணும் இடது குதிகாலில் இருந்தது. மஞ்சள் கலந்த வெளிர் சாம்பல். முப்பத்தாறு வருடத்தில் அவர் அதை மிதித்ததில்லை.

“இது எங்கத்த மண்ணு அம்மிணி?” என்று கேட்டார்.

ரங்கநாயகி காலைத் திருப்பிப் பார்த்தார். சரியாக ஞாபகம் இல்லை என்றார், இரண்டு பஸ் மாறி, அப்புறம் கொஞ்சம் நடந்து போன இடம், பெரிய புளியமரம் இருந்தது என்றார்.

சுற்றி நின்றவர்களில் யாரோ நேரமாகிறது என்றார்கள். சூடத்தை ஏற்றலாமா என்று இன்னொருவர் கேட்டார்.

“எங்கீங்க நடறீங்க, இந்த மூலைலீங்களா?” என்றார் ரங்கநாயகி.

“ஆமா. அடுப்படிக் கோட்டு மூலையில.”

ரங்கநாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டத்தைப் பார்த்தார், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் தெரிந்த தன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார், சிரித்தார்.

“அப்ப இதுவும் நம்மூட்டு அடுப்படின்னு ஆயிருமுங்களே” என்றார்.

வலையடியில் கிடந்த பந்தை எட்வின் எடுத்துப் போட, அவர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் பின்கோட்டுக்குப் போனார்.

நாச்சிமுத்து புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, கல்லை வாசற்படிக்கே தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.